முப்பத்தாறு அங்குலத்துக்கும் சிவப்புக்கும் நடுவே ஒரு நூல்

எங்கள் வாட்ஸப் குழுவில் இருபத்துமூன்று பேர் இருக்கிறோம். எல்லாரும் வீட்டுக்குள்ளேயே மரவேலை செய்கிறவர்கள். என்னைத் தவிர மற்றவர்கள் வாரம் முழுவதும் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டு, சனி ஞாயிறில் மரத்தூளில் குளிக்கிறவர்கள். பிடோக்கில் ஒருவர் துணி காயப்போடும் இடத்தில் சின்ன டேபிள் சா, அதாவது மேசையில் பொருத்திய மின்சார வாள், ஒன்று வைத்திருக்கிறார். அவர் குளித்துவிட்டுத் துண்டால் துவட்டினால் குளிப்பதற்கு முன்பு இருந்ததைவிட அழுக்காகிவிடுவார். நான் புக்கிட் பாத்தோக்கில் என் வீட்டு பாம் ஷெல்டருக்குள் வைத்திருக்கிறேன். குண்டு விழுந்தால் குடும்பம் போய் நிற்பதற்காக வீட்டுக்குள்ளேயே இரும்புக் கதவு போட்டுக் கட்டிக் கொடுத்த சின்ன அறை அது. கதவைச் சாத்திக்கொண்டால் பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகாது.

"குண்டு விழுந்தா நான் எங்க நிக்கிறது?" என்று என் மனைவி ரீட்டா கேட்டாள்.

"மிஷினுக்கு அடியில இடம் இருக்கு."

"அங்க அரிசி மூட்டை இருக்கு."

இப்படித்தான் எங்கள் பாதுகாப்பு ஏற்பாடு இருக்கிறது.

போன மாதம் குழுவில் ஒருவர், "சூசை அண்ணே, முப்பத்தேழு வருஷம் பட்டறையில இருந்தீங்க. இப்ப ஓய்வுலதான இருக்கீங்க. மெல்லிய பட்டை வெட்ட ஒரு ஜிக் எப்படிப் பண்றதுன்னு எழுதுங்க" என்று கேட்டார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஜிக் என்றால் ஒரே வெட்டைத் திரும்பத் திரும்பத் தப்பில்லாமல் வெட்டுவதற்கு நாமே செய்துகொள்ளும் துணைக்கட்டை. எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த ஜிக் எனக்கு எதற்குத் தேவைப்பட்டது என்பதைச் சொல்லாமல் அதை எப்படிச் செய்வது என்று சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் முழுவதையும் எழுதுகிறேன்.

எனக்குப் படிப்பு தொடக்கப்பள்ளி மட்டும்தான். ஆறாம் வகுப்புத் தேர்வை இரண்டு முறை எழுதினேன். இரண்டாவது முறை, முதல் முறையைவிட மார்க் குறைந்தது. பிறகு காப்பிக்கடை, கிடங்கு என்று சில இடங்கள். பத்தொன்பது வயதில் என் அப்பா, "புனித சூசையப்பரே தச்சர்தான். உனக்கும் சூசைன்னுதான பேரு வச்சிருக்கு. போ" என்று லிம் டவுக்கேயின் தச்சுப் பட்டறைக்கு அனுப்பினார். சீன முதலாளிகளை டவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். வேறு தகுதி எதையும் டவுக்கே கேட்கவில்லை.

சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் பழைய கடைவீடு அது. கீழே பட்டறை, மேலே அவர் வீடு. இடப்பக்கம் பூக்கடை, வலப்பக்கம் மசாலா அரைக்கும் கடை. எங்கள் மரத்தூள் அவர்கள் மல்லித்தூளிலும் அவர்கள் மல்லித்தூள் எங்கள் வார்னிஷிலும் விழும். எங்கள் அலமாரிகளைத் திறந்தால் லேசாக ரசம் மணக்கும் என்று வாங்கியவர்கள் சொல்வார்கள். டவுக்கே அதைக் குறையாக எடுத்துக்கொண்டதில்லை.

முதல் ஏழு வருடம் நான் செய்ததை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: தேய்த்தேன். உப்புத்தாளை வைத்துத் தேய்த்தேன், பசை தடவினேன், கிளாம்ப் போட்டு இறுக்கினேன், காய்ந்ததும் மறுபடி தேய்த்தேன். அடையாள அட்டைக்குக் கைரேகை வைக்கப் போனபோது மிஷின் என் கட்டைவிரலை ஒத்துக்கொள்ளவில்லை. அங்கிருந்த அம்மா, "என்ன வேலை செய்றீங்க, ரேகையே இல்லையே" என்றார். எனக்குக் கூச்சம். பதில் சொல்லாமல் சிரித்துவிட்டு வந்தேன். என்னைத் திருடன் என்று நினைத்திருப்பார்.

பட்டறையின் நடுவில் டேபிள் சா நின்றது. இரும்பு மேசை, பச்சை வண்ணம், பன்னிரண்டு அங்குல பிளேடு. டவுக்கேயைத் தவிர யாரும் அதைத் தொடக் கூடாது. எனக்கு அந்த வாள்மேல் ஆசை. வாளில் நிற்பவன்தான் அளவு சொல்வான், மற்றவர்கள் கேட்பார்கள். ஏழு வருடமும் நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஆறாம் வகுப்பில் இரண்டு முறை தோற்றவனுக்கு வாள் தர யோசிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அவர் வாளில் நிற்கும் முறையைச் சொல்கிறேன். எழுதிவைத்துக்கொள்ளுங்கள், இதில் விளையாட்டு கிடையாது. முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றுவார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடிப்பார். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். பலகையை பிளேடுக்குப் பக்கத்தில் வைத்து, பல் மட்டும் பலகைக்கு மேலே தெரியும்படி உயரத்தை வைப்பார். கைக்குப் பதிலாகப் பலகையைத் தள்ளும் தள்ளுகட்டையை வலப்பக்கம் வைப்பார். கண்ணாடி போடுவார். பிளேடுக்கு நேர் பின்னால் நிற்காமல் இடப்பக்கம் ஒதுங்கி நிற்பார். அதற்குப் பிறகுதான் ப்ளக். வாள் ஓடும்போது ராஜா வந்து கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார்.

இவ்வளவும் நல்ல முறை. இதோடு அவரிடம் இன்னொரு முறையும் இருந்தது. அதுதான் வம்பு.

சீனத் தச்சர்கள் வைத்திருக்கும் டேப்பை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சென்டிமீட்டருக்குக் கீழே சீன எழுத்துகள், ஐந்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு கட்டம். சில கட்டம் சிவப்பு, சில கட்டம் கறுப்பு. சிவப்பில் முடிகிற அளவு நல்லது: பணம், பதவி, பிள்ளைகள். கறுப்பில் முடிந்தால் நோய், பிரிவு, திருட்டு. அந்த எழுத்துகள் எனக்குத் தெரியாது. சிவப்பையும் கறுப்பையும் படிக்கப் பள்ளிக்கூடம் தேவையில்லை.

டவுக்கே கறுப்பு அளவை வெட்டவே மாட்டார். அவருடைய இடது மோதிர விரலில் நுனி இல்லை. "அன்னைக்கு வெட்டினது கறுப்பு" என்பார். அன்றைக்கு அவர் வெட்டிக்கொண்டே வானொலியில் லாட்டரி நம்பர் கேட்டுக்கொண்டிருந்தார் என்று பூக்கடைக்காரர் என்னிடம் சொல்லியிருக்கிறார். இரண்டு காரணமும் இருந்திருக்கலாம்.

அவரும் நானும் பேசியது சந்தை மலாயில். நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். ஒரு முறை பிடோக்கிலிருந்து ஒரு ஆசிரியை குளிர்பதனப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்க முப்பது அங்குல அலமாரி கேட்டார். முப்பது கறுப்பு. டவுக்கே ஒரு வார்த்தை சொல்லாமல் ஒன்றே முக்கால் அங்குலம் கூட்டிச் சிவப்பில் செய்து அனுப்பினார். அலமாரி உள்ளே போனது. குளிர்பதனப் பெட்டி வெளியே வந்தது. ஒரு வருடம் அது கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் நின்றது. அந்த வருடமே அந்த அம்மாவுக்குப் பதவி உயர்வு. சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சுப் பழங்களோடு வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். டவுக்கே என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

இன்னொரு முறை, ஒரு காப்பி மேசையைக் காட்டி, "சூசை, காலை மேல்பக்கம் போடு" என்றார். "சரி டவுக்கே" என்று நாலு காலையும் பலகையின் மேல்பக்கமே நிறுத்தி ஒட்டி, கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டேன். ஏதோ சீன வழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் வந்து பார்த்தார். மேசை செத்த ஆடு மாதிரி காலைத் தூக்கிக்கொண்டு கிடந்தது. பெருமூச்சு விட்டார். மேலே வீட்டுக்குப் போய்விட்டார்.

இப்போது பாக்கியம் அக்காவிடம் வருகிறேன்.

பாக்கியம் அக்கா எங்கள் சந்திலிருந்து மூன்று சந்து தள்ளி ஜாக்கெட் தைக்கும் கடை வைத்திருந்தார். ஆங் மோ கியோவில் புது வீடு வாங்கியிருந்தார். பால் காய்ச்சுவதற்கு நாள் குறித்தாயிற்று. சாமி அலமாரி வேண்டும். ஒரு நாள் இரண்டு பேரைத் தூக்கவைத்துக்கொண்டு ஐந்து தேக்குப் பலகைகளோடு பட்டறைக்குள் வந்தார். அவர் கணவர் கப்பல் பட்டறையில் வேலை செய்தவர். ஒரு பழைய கப்பலின் மேல்தளத்தைப் பிரித்தபோது கிடைத்த பலகைகள்.

"பதினோரு வருஷமா கட்டிலுக்கடியில வச்சிருந்தாரு, தம்பி. நான் கூட்டும்போதெல்லாம் வெளக்குமாறு இடிக்கும். என்னைவிட இந்தப் பலகைய நல்லாப் பாத்துக்கிட்டாரு."

பலகைகள் அருமை. ஆனால் கப்பல் பலகை ஆனதால் போல்ட் அடித்த ஓட்டைகள் இருந்தன. இரண்டு ஓட்டைக்கு நடுவில் சுத்தமாகக் கிடைத்த நீளம் முப்பத்தேழு அங்குலம். மேல்பலகைக்கு ஒன்று, கீழ்ப்பலகைக்கு ஒன்று. தப்பாக வெட்டினால் மாற்றுப் பலகை கிடையாது.

"அகலம் முப்பத்தாறு அங்குலம்" என்றார் அக்கா. "ஊர்ல என் கொழுந்தனாரு கணக்குப் பாத்துச் சொல்லிட்டாரு. ஒரு நூல் கொறையக் கூடாது."

எங்கள் தொழிலில் ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. மூன்று மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"சரிக்கா" என்றேன்.

டவுக்கே ஒரு மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அக்கா அவர் பக்கம் பார்த்துவிட்டுத் தமிழில் கேட்டார்:

"இந்த டவுக்கே மூஞ்சி ஏன் தம்பி புளிச்ச மாவு மாதிரியே இருக்கு?"

நான் குனிந்துகொண்டேன். அக்கா போனதும் டவுக்கே எழுந்து வந்து டேப்பை இழுத்தார். முப்பத்தாறு அங்குலத்தில் நிறுத்தினார். கறுப்பு. நோய்க் கட்டம். சிவப்புக் கட்டம் முடிந்து ஒரு நூல்தான் தள்ளியிருந்தது. ஒரே ஒரு நூல். எங்கள் பிளேடின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு.

"சிவப்புல வெட்டலாம்" என்றார். "ஒரு நூல் கம்மி. யாரும் சொல்லாம இருந்தா தெரியாது. இருந்தாலும் நீ அவங்ககிட்ட பேசு."

"சரி டவுக்கே" என்றேன்.

"இந்த வேலை நல்லபடியா முடியட்டும். வாள் பத்தி அப்புறம் பேசுவோம்" என்றார்.

ஏழு வருடத்தில் முதல் முறையாக வாள் என்ற வார்த்தையை என்னைப் பார்த்துச் சொன்னார். அன்றைக்கு பஸ்ஸில் என் நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்து ரீட்டாவிடம் சொன்னேன். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி நாலு மாதம்.

"ரெண்டு பேருக்கும் சரின்னு சொல்லிட்டீங்களா?"

"ஆமா."

"ரெண்டு சரியும் ஒண்ணா நடக்காதே."

"ஆமா."

"எனக்கும் இப்படித்தான் சரின்னு சொன்னீங்களா?"

"அது வேற" என்றேன். ரீட்டா விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். மறுநாள் மதியம் அவர் கடைக்குப் போனேன். வாசலிலேயே நின்றேன். உள்ளே மூன்று பெண்கள் அளவு கொடுக்க நின்றிருந்தார்கள். பெண்கள் ஜாக்கெட் அளவு கொடுக்கும் இடத்தில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தையல் மிஷினையே பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா ஒரு பச்சை ஜாக்கெட்டின் கழுத்தோரத்தில் தங்க நிறத்தில் மெல்லிய துணியைச் சுருட்டி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, வேர்க்குது உங்களுக்கு?"

"அது... என்னக்கா?"

"எது, இதுவா? பைப்பிங். ஓரத்துக்கு அழகு குடுக்கும். அதக் கேக்கவா வந்தீங்க?"

"ஆமாக்கா" என்றேன். "வரேங்க்கா" என்றேன். திரும்பி வந்துவிட்டேன். சொல்லப் போனதைச் சொல்லவில்லை. ஆனால் பாதி வழியில் பழக்கடைக்கு முன்னால் நின்றுவிட்டேன். பைப்பிங்!

அலமாரியைச் சிவப்பில், ஒரு நூல் குறைவாகச் செய்வது. முன்பக்க விளிம்பில் மட்டும், வெளிப்பக்கமாக, இடப்புறம் ஒன்று வலப்புறம் ஒன்றாக, மேலிருந்து கீழ்வரை ஒரு மெல்லிய தேக்குப் பட்டை ஒட்டுவது. ஒவ்வொன்றும் அரை நூல். பின்னால் அளந்தால் சிவப்பு. முன்னால் அளந்தால் முப்பத்தாறு. யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை! கூச்சப்படுகிறவனுக்கு இதைவிட நல்ல யோசனை கிடைக்காது.

டவுக்கே மேல்பலகையையும் கீழ்ப்பலகையையும் சிவப்பில் வெட்டினார். அக்கா ஒத்துக்கொண்டாரா என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கமும் சேராத ஒரு ஆட்டல்.

பிறகு, "அரை நூல் பட்டை நாலு வேணும் டவுக்கே" என்றேன். ரெண்டு போதும், உடைந்தால் இருக்கட்டும் என்று நாலு. எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அப்போது அவர் பயன்படுத்தியதுதான் குழுவில் கேட்ட ஜிக்.

மெல்லிய பட்டையை பிளேடுக்கும், பலகை ஒட்டிக்கொண்டு நகர வலப்பக்கம் நிற்கும் தடுப்புச் சட்டத்துக்கும் நடுவில் விழும்படி வெட்டக் கூடாது. அங்கே சிக்கினால் அம்பு மாதிரி உங்கள் வயிற்றைப் பார்த்துப் பறந்து வரும். பட்டை பிளேடின் வெளிப்பக்கம் விழ வேண்டும். அதற்கு ஒரு கையகலக் கட்டை எடுத்து, அதன் முனையில் ஒரு திருகாணியைப் பாதி முடுக்குங்கள். கட்டையை மேசையில் பிளேடுக்கு இடப்பக்கம் கிளாம்ப் போடுங்கள். திருகாணியின் தலைக்கும் பிளேடின் பல்லுக்கும் பக்கவாட்டில் எவ்வளவு இடைவெளியோ அதுதான் பட்டையின் தடிமன். திருகாணியை முடுக்கினால் பட்டை தடிக்கும், தளர்த்தினால் மெலியும். ஆனால் கட்டை பிளேடுக்கு முன்னாலேயே, உங்கள் பக்கமாக நிற்க வேண்டும். பிளேடுக்கு நேராக நின்றால் பட்டை அங்கேயும் சிக்கும். பலகை திருகாணியில் முட்டும் வரை தடுப்புச் சட்டத்தை நகர்த்துங்கள், பூட்டுங்கள், தள்ளுகட்டையால் வெட்டுங்கள். மறுபடி முட்டவைத்து நகர்த்துங்கள், பூட்டுங்கள், வெட்டுங்கள். நூறு பட்டை வெட்டினாலும் நூறும் ஒரே தடிமனில் வரும். இவ்வளவுதான் ஜிக். அறுபது காசுத் திருகாணி.

பட்டைகளை ஒட்டி, தேய்த்து, எண்ணெய் போட்டேன். ஒரு தங்கக்கோடு மாதிரி நின்றது. எனக்கே பிடித்திருந்தது.

பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள் அலமாரியை ஆங் மோ கியோவுக்கு ஏற்றிக்கொண்டு போனோம். நான் மட்டும் போவதாகத்தான் நினைத்திருந்தேன். டவுக்கேயும் லாரியில் ஏறி உட்கார்ந்தார். எந்தச் சாமானையும் வீட்டில் வைத்த பிறகு கடைசியாக ஒரு முறை அவரே அளப்பார் என்பதை நான் மறந்துபோனேன். ஏழு வருடம் பட்டறையிலேயே தேய்த்துக்கொண்டிருந்தவனுக்கு வீடுகளில் நடப்பது எப்படி ஞாபகம் இருக்கும்?

அக்காவின் கூடத்தில் சுவரோரமாக அலமாரியை வைத்தோம். அக்கா கழுத்தில் தொங்கிய தையல் டேப்பை எடுத்து முன்பக்கம் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரை பிடித்தார்.

"முப்பத்தாறு! ஒரு நூல் கொறையல. கைய கொடுங்க தம்பி."

அவர் கணவர் இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபாவில் உட்கார்ந்து தன் பலகைகளைக் கண் கலங்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் டவுக்கே தன் டேப்பை இழுத்தார். அவரும் முன்பக்கமே பிடித்தார். டேப்பின் மேல் குனிந்தார். நிமிர்ந்தார்.

"கறுப்பு" என்றார் மலாயில். அக்காவுக்கு மலாய் நன்றாகத் தெரியும்.

"என்ன கறுப்பு?"

"நோய். இந்த வீட்டுக்கு ஆகாது. சூசை, இழைப்புளி எடு. ரெண்டு பட்டையையும் சீவி எடு."

"எம் பட்டை மேல எவனாவது கை வச்சான்..." என்று அக்கா கத்தரிக்கோலை எடுத்தார். தையல்காரர் கத்தரிக்கோல், பெரியது.

"சூசை, எடு."

"தம்பி, எடுத்தீங்க, அப்புறம் எம் முகத்துல முழிக்காதீங்க."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் பைக்குள் கையை விட்டு இழைப்புளியை எடுத்துவிட்டேன். பழக்கதோஷம். வாய் 'சரி' என்ற வடிவத்துக்கு வந்துவிட்டது. கையில் இழைப்புளி, எதிரில் அந்தப் பட்டை. சீவினால் அடியில் பசைக் கறை தெரியும், எண்ணெய் திட்டுத்திட்டாகப் போகும், அலமாரி அசிங்கமாகிவிடும். சீவாவிட்டால் வாள் போய்விடும். ஏழு வருடம் போய்விடும்.

"மாட்டேன்" என்றேன்.

யார் பேசியது என்று அக்காவின் கணவர் சுற்றிப் பார்த்தார்.

"மாட்டேன் டவுக்கே. சீவினா கெட்டுப்போகும். பின்னால அளந்து பாருங்க, சிவப்புதான் இருக்கு." அலமாரியை நானே இழுத்துத் திருப்பி, அவர் டேப்பை வாங்கிப் பின்பக்கம் பிடித்துக் காட்டினேன். சிவப்புக் கட்டத்தின் கடைசி முனையில் நின்றது. டவுக்கே பார்த்தார். அக்கா சொன்னார்:

"அப்போ பின்னால முப்பத்தாறு இல்லையா? என்னை ஏமாத்தினீங்களா? பின்னாலயும் பட்டை வையுங்க, இப்பவே."

"முடியாதுக்கா. வச்சா பின்னாலயும் கறுப்பாயிடும். டவுக்கே சிவப்புலதான் வெட்டுவாரு, நீங்க முப்பத்தாறுதான் கேட்டீங்க. ரெண்டு பேருக்கும் நான் சரின்னு சொல்லிட்டேன். அது என் தப்பு. ஆனா இந்த அலமாரி இப்படித்தான் இருக்கும். நான் தொட மாட்டேன்."

என் வாழ்க்கையில் அதற்கு முன் நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது, சின்ன வயதில் கோயிலில் முதல் தேவநற்கருணை வாங்குவதற்கு முன் ஜெபத்தை மனப்பாடமாகச் சொன்னபோதுதான்.

அக்கா கத்தரிக்கோலோடு நின்றார். டவுக்கே மெதுவாக டேப்பைச் சுருட்டினார். பிறகு நல்ல தமிழில், பூக்கடைத் தமிழில், பேசினார்:

"அம்மா, பைப்பிங் அளவுல சேருமா, சேராதா?"

எனக்கு அக்குளில் இடுக்கியிருந்த இழைப்புளி நழுவிவிட்டது. நல்லவேளை, சோபா உறைமேல் விழுந்தது.

அக்காவும் ஒரு நிமிடம் திகைத்துவிட்டார். தொழில் கேள்வி என்றதும் சமாளித்துக்கொண்டார். "சேரும். எங்க தையல்ல பைப்பிங்கோட சேத்துத்தான் அளவு."

"எங்க தச்சு வேலையில சேராது. அப்போ உங்களுக்கு முப்பத்தாறு, எனக்குச் சிவப்பு. முடிஞ்சிச்சிலா."

"டவுக்கே, உங்களுக்குத் தமிழ் தெரியுமா?" என்றேன்.

"பூக்கடைக்குப் பக்கத்துல இருபத்தஞ்சு வருஷம் இருக்கேன். பேசறதுதான் இல்ல. பேசினா எல்லாரும் என்கிட்ட கல்யாண மாலைக்கு வெல கேப்பாங்க." அக்காவின் பக்கம் திரும்பினார். "புளிச்ச மாவு எல்லாம் காதுல விழுந்துச்சு."

அக்கா கத்தரிக்கோலைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். "காப்பி குடிக்கிறீங்களா டவுக்கே? சீனி எத்தனை?" என்றார்.

"அப்ப நான் ரெண்டு பேருக்கும் சரின்னது..." என்று இழுத்தேன்.

"அன்னைக்கே தெரியும். அரை நூல் பட்டை எதுக்கு, பல்லு குத்தவா? நாலு பட்டை வெட்டும்போதே தெரியும்." டவுக்கே என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "சூசை, மேசைக் காலை மேல வைன்னேன். வச்ச. உடைஞ்ச கிளாம்ப்பைப் போடுன்னேன். போட்ட. ஆணி இருக்கிற பலகைய வாள்ல விடுன்னு சொன்னாலும் சரின்னுதான் விடுவ. அப்புறம் உன் கண்ணு எங்க, விரல் எங்கன்னு தேடணும். அதான் ஏழு வருஷமா வாள் கொடுக்கல. இன்னைக்கு என்கிட்ட மாட்டேன்னு சொன்ன. கத்தரிக்கோல் வச்சிருக்கிற அம்மாகிட்டயும் சொன்ன. திங்கக்கிழமையிலேருந்து வாள் உனக்கு."

நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? "சரி டவுக்கே" என்றுதான் சொன்னேன்.

அக்காவின் கணவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "ஒரு பலகை மிச்சம் இருக்குமே, அதைக் கொண்டு வந்தீங்களா?" என்றார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் மறுபடி மூடிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை. கடிகாரத்தைக் கழற்றினேன். சட்டைக் கையை மடித்தேன். ப்ளக்கைப் பிடுங்கி பிளேடைச் சுற்றிப் பார்த்தேன், மாட்டினேன். டவுக்கே அவருடைய பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சுவிட்சில் கை வைக்கப் போகும் நேரம் ஒருவர் உள்ளே வந்தார். நல்ல பெரிய வேலை: ஒரு புதிய உணவுக்கடைக்கு இருபது மேசைகள், எண்பது நாற்காலிகள். மூன்று வாரத்தில் முடியுமா என்று கேட்டார். டவுக்கே என்னைப் பார்த்துக் கையை நீட்டினார், நீயே சொல் என்று. மூன்று வாரம் தாராளம். ஆனால் எனக்குள் அந்தப் புது வார்த்தை இன்னும் சூடாக இருந்தது.

"முடியாது" என்றேன்.

அவர் "ஓ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

டவுக்கேயின் கையிலிருந்த காப்பி சட்டையில் கொட்டியது. "அலாமாக்! அவ்வளவு வேண்டாம்லா, சூசை!" என்று தமிழிலேயே கத்திக்கொண்டு, ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் செருப்பில்லாமலும் அந்த மனிதரின் பின்னால் சந்தில் ஓடினார். பூக்கடைக்காரர் மாலையைக் கட்டுவதை நிறுத்திவிட்டு எழுந்து நின்று பார்த்தார்.

டவுக்கே மூலை திரும்பி மறையும் வரை நானும் பார்த்தேன். பட்டறையில் வேறு யாரும் இல்லை. இடப்பக்கம் ஒதுங்கி நின்று, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வாளை ஓடவிட்டேன்.